கடலோரத்துப் பைஷின்ஜி நிலையம்

ஓர் ஊர் புகழ்பெறுவதற்குக் காரணங்கள் பல. கோயிலால் பெயர்பெற்ற ஊர்கள் உண்டு. போர்க்களத்தால் பெயர்பெற்றவை உண்டு. ஒரு புலவர் பிறந்தமையால் நினைக்கப்படுவனவும் உண்டு. ஜப்பான் நாட்டின் ஷிகோகு தீவில், மத்சுயாமா என்னும் நகரத்தின் கடலோரத்தில், பைஷின்ஜி என்றொரு சிறு ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு கதையில் வரும் பெண் அங்கே ஒரு கைக்குட்டையைக் கட்டிச் சென்றாள். நிலையம் பெயர்பெற்றது அதனால்தான். அந்தப் பெண் பிறந்தது ஒரு சித்திரக் கதையில். அவளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது தொலைக்காட்சி. சென்ற ஆண்டு அந்நிலையத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நம் சங்கத்து அன்பர்களில் ரயில்வே ஊழியர் குடும்பங்கள் மிகுதி. வேற்றூரில் வாழாத குடும்பமோ ஒன்றும் இல்லை. ஆகவே அங்குக் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதத் துணிகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுதல் நலம்.

ஜப்பானியர் சித்திரக் கதையை 'மங்கா' என்பர். நம் நாட்டில் சித்திரக் கதை சிறுவர்க்குரியது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அங்கே அப்படியில்லை. அலுவலகம் செல்லும் ஆடவரும் மகளிரும் வார இதழ்களில் மங்கா படிக்கின்றனர். அத்தகைய ஓர் இதழான 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்பதில் 1988 முதல் 1990 வரை 'டோக்கியோ லவ் ஸ்டோரி' என்ற காதற்கதை தொடராக வெளிவந்தது. அதனை வரைந்து எழுதியவர் சைமோன் ஃபுமி என்னும் பெண்மணி. அவர் 1957-இல் பிறந்தவர். அவருடைய ஊரான தொகுஷிமாவும் ஷிகோகு தீவைச் சேர்ந்ததே.

கதைத் தலைவன் நகாவோ கன்ஜி. அவன் எஹிமே மாவட்டத்தைச் சேர்ந்தவன். அம்மாவட்டத்தின் தலைநகரம்தான் மத்சுயாமா. பிழைப்பு நாடி டோக்கியோவுக்கு வருகிறான். நகரத்தின் வேகமும் பேச்சும் அவனுக்குப் புதியவை. உடன் பணிபுரியும் அகானா ரிகா என்பவள் வெளிநாட்டில் வளர்ந்து தாயகம் திரும்பியவள். மனத்தில் தோன்றியதை மறைக்காமற் பேசுபவள். அவள் அவனைக் 'கன்ச்சி' என்று செல்லமாக அழைக்கிறாள். நம்மவர் காதுக்கு அது காஞ்சி மாநகரை நினைவூட்டும். ஆனால் பொருள் வேறு. அவன் பெயரை எழுதும் எழுத்துக்களை அப்படியும் படிக்கலாம். அப்போது 'நோய் முற்றிலும் தீர்தல்' என்று பொருள்படும். கன்ஜியின் உள்ளமோ பள்ளிப் பருவத்துத் தோழியாகிய சதோமியிடமும் சென்று நிற்கிறது. இவ்விருவர்க்கும் இடையே அவன் தடுமாறுவதே கதை. முடிவில் அவன் மணப்பது சதோமியை.

இதனை ஃபுஜி தொலைக்காட்சி நிலையத்தார் 1991 ஜனவரி முதல் மார்ச் வரை, திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, 11 பகுதிகளாக ஒளிபரப்பினர். ரிகாவாக நடித்தவர் சுசுகி ஹொனாமி. கன்ஜியாக நடித்தவர் ஓதா யூஜி. தொலைக்காட்சிக்கு எழுதியவர் சகமோத்தோ யூஜி. அப்போது அவருக்கு வயது 23. அதே சகமோத்தோ 2023-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு பெற்றார் என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ளலாம். நாடகத்தின் இறுதிப் பகுதியின் பார்வையாளர் அளவு நூற்றுக்கு 32.3 என்று கணக்கிடப்பட்டது. அந்நாளில் திங்கட்கிழமை இரவு ஒன்பது மணியானால் அலுவலகப் பெண்களைத் தெருவிலே காண முடியாது என்று ஒரு சொல்வழக்கே எழுந்ததாம். ஓதா கசுமாசா பாடிய முகப்புப் பாட்டின் இசைத்தட்டு 25 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 1990-களிலேயே ஹாங்காங், தைவான், சீனம் ஆகிய இடங்களிலும் இந்நாடகம் பரவியது.

இறுதிப் பகுதியில்தான் நம் நிலையம் வருகிறது. ரிகா யாரிடமும் சொல்லாமல் டோக்கியோவை விட்டுச் சென்றுவிடுகிறாள். கன்ஜி அவளைத் தேடித் தன் சொந்த ஊருக்கு வருகிறான். அவன் படித்த பள்ளியில், சிறுவனாக இருந்தபோது தன் பெயரைச் செதுக்கிய தூணருகே, அவள் இருக்கிறாள். அவன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் புதிதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னர் அவள், தான் 4 மணி 48 நிமிட வண்டியில் புறப்படப் போவதாகவும், அவன் மனம் மாறினால் அதற்குள் நிலையத்துக்கு வரலாம் என்றும் கூறிப் பிரிகிறாள். அவன் ஓடோடி வருகிறான். 4.48-க்கு முன்னரே வந்தும் சேர்கிறான். ஆனால் அவள் 4.33 வண்டியிலேயே போய்விட்டாள். நடைமேடைக் கம்பிவேலியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருக்கிறது. 'போய் வருகிறேன், கன்ச்சி' என்னும் கருத்தில் இரண்டே சொற்கள் அதில் எழுதியிருக்கின்றன. வண்டியிலோ அவள் தனியே அமர்ந்து கண்ணீர் விடுகிறாள்.

ரயில்வேயில் பணிபுரிபவர் எவரும் இக்காட்சியைக் கண்டால் ஒன்றை நினையாமல் இருக்க முடியாது. இரண்டு வண்டிகளுக்கும் இடையே 15 நிமிடமே. ஒரு கால அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு மனித உள்ளத்தின் துயரத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று கைபேசி மக்கள் கைகளுக்கு வந்து சேரவில்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டவன் அந்த மனிதரையும் தவறவிட்டான். 

இனிப் பயணத்தைக் கூறுகிறேன். என் தமக்கையின் மகள் நாகபுரியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஒஸாகா நகரில் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறாள். அவள் அழைப்பின்பேரிலேயே நான் ஜப்பான் சென்றேன். ஒஸாகாவிலிருந்து ஒகாயாமா வரை அதிவேக ஷின்கான்சென் வண்டி. அங்கிருந்து மத்சுயாமாவுக்கு 'ஷியோகாசே' என்னும் விரைவு வண்டி. 'கடற்காற்று' என்று அதற்குப் பொருள் கூறலாம். இடையே செத்தோ உள்நாட்டுக் கடலைக் கடக்க வேண்டும். 1988 ஏப்ரலில் திறக்கப்பட்ட பெரும்பாலம் தீவுக்குத் தீவு தாவிச் செல்லுகிறது. மேல்தளத்தில் மோட்டார் வண்டிகள், கீழ்த்தளத்தில் ரயில். கடலின் மேற்செல்லும் பகுதி மட்டும் ஏறத்தாழ 9.4 கிலோமீட்டர். பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கிடையே கடலும், கப்பல்களும், பச்சைக் குன்றுகள் போன்ற தீவுகளும் மாறி மாறித் தோன்றின. பாம்பன் பாலத்தைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கும் அது புதுமையாகவே இருந்தது.

மத்சுயாமாவில் இறங்கியதும் சிறிது தூரம் நடந்து ஓதெமாச்சி நிலையத்தை அடைந்தோம். அங்கே ஒரு விந்தை உண்டு. இயோ ரயில்வே என்னும் தனியார் நிறுவனத்தின் ரயில் பாதையும் நகர டிராம் பாதையும் ஒன்றையொன்று நேர்செங்குத்தாக, ஒரே மட்டத்தில் வெட்டிச் செல்கின்றன. தடுப்புக் கட்டை இறங்கியதும் மோட்டார் வண்டிகளோடு டிராமும் சாதுவாக நின்று, ரயில் கடக்கும்வரை காத்திருக்கிறது. இருவகைச் சக்கரங்களும் அந்தக் குறுக்கு இரும்பின்மேல் ஏறி எழுப்பும் தடதட ஓசையைக் கேட்பதற்காகவே தொலைவிலிருந்து வருவோர் உளர். நானும் நான்கு வண்டிகள் செல்லும்வரை நின்று கேட்டேன். என் தமக்கை மகள் பொறுமையுடன் காத்திருந்தாள்.

இயோ ரயில்வேயின் வரலாறு நம் போன்றோர் அறியத் தக்கது. 1888 அக்டோபரில் மத்சுயாமாவுக்கும் மித்சு துறைமுகத்துக்கும் இடையே அது தன் முதல் வண்டியை விட்டது. ஷிகோகு தீவு கண்ட முதல் ரயில் அதுவே. பாதையின் அகலம் இரண்டடி ஆறங்குலம். நம் கால்கா – சிம்லா மலைப்பாதையின் அகலமும் அதுவே. நாகபுரியிலிருந்து சிந்துவாடாவுக்கு 2015 வரை ஓடிய சிறிய வண்டியின் பாதை அகலமும் அதுவே. எஞ்சின் ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக் கிராஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1892-இல் பாதை கடலோரமாக நீண்டு தகஹாமாவை எட்டியது. 1931-இல் பாதையை மூன்றடி ஆறங்குலமாக அகலப்படுத்தி மின்சார வண்டி விட்டனர். நத்சுமே சோசெகி என்னும் பேரெழுத்தாளர் 1895-இல் மத்சுயாமாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் 1906-இல் எழுதிய 'போச்சான்' நாவலில் இந்தச் சிறு ரயில் இடம்பெறுகிறது. அதனாலேயே பழைய எஞ்சினுக்குப் 'போச்சான் எஞ்சின்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்நாவலின் நாயகனும் டோக்கியோவிலிருந்து இவ்வூருக்கு வந்து, இவ்வூரோடு ஒட்டாமல் திரும்பிச் செல்பவனே. முதல் எஞ்சினைப் பைஷின்ஜிப் பூங்காவில் வைத்துப் பாதுகாக்கின்றனர்.

மத்சுயாமா நகர நிலையத்திலிருந்து தகஹாமா வரை முழுப் பாதையின் நீளம் 9.4 கிலோமீட்டர், முன்னர்ச் சொன்ன பாலத்தின் அளவேதான். செம்மஞ்சள் வண்ணம் பூசிய வண்டி. இப்பாதையில் ஓடிய பெட்டிகளில் பல, முன்னர் டோக்கியோவின் கேயோ ரயில்வேயில் உழைத்தவை; அங்கே ஓய்வு கொடுத்த பின்னர் இங்கே வந்து பணியைத் தொடர்ந்தவை. கன்ஜி இவ்வூரிலிருந்து டோக்கியோ போனான். பெட்டிகள் டோக்கியோவிலிருந்து இவ்வூர் வந்தன. வீடுகளுக்கு நடுவே சென்ற வண்டி, மித்சுவைத் தாண்டியதும் சற்று நேரத்தில் கடலின் அருகே வந்தது. அடுத்து நின்ற இடம் பைஷின்ஜி.

பெயரை எழுத்துக்கு எழுத்துப் பிரித்தால் பிளம் மரம், துறை, கோயில் என்று மூன்று சொற்கள். அப்பெயருடைய பௌத்தக் கோயில் அருகில் இருக்கிறது. பூங்காவில் பிளம் மரங்களும் இருக்கின்றன. துறையோ கண்ணெதிரே. நடைமேடையின் ஒரு பக்கம் தண்டவாளம். மறு பக்கம் வேலி. வேலிக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். இடையே சாலை இல்லை, கட்டடம் இல்லை. செத்தோ உள்நாட்டுக் கடல் நம் வங்கக் கடல்போல் ஆர்ப்பரிப்பதன்று. ஏரி நீர்போல் மெல்ல அசைவது. எதிரே கோகோ தீவு தெரிகிறது. சிறு படகுகள் போய் வருகின்றன.

வேலியில் கைக்குட்டைகள் கட்டப்பட்டிருந்தன. வெள்ளை, நீலம், பூவேலைப்பாடு செய்தவை என்று பலவகை. சில வெயிலில் வெளுத்துப்போனவை. சில முந்தின நாள் கட்டியவைபோல் மடிப்புக் கலையாதவை. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த ஜப்பானிய மாது ஒருவர் தனியே வந்தார். கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்தார். எதுவும் எழுதவில்லை. கட்டினார், சிறிது நேரம் கடலைப் பார்த்தார், அடுத்த வண்டியில் ஏறிச் சென்றுவிட்டார். நாடகம் வந்த 1991-இல் அவர் என் தமக்கை மகளின் இன்றைய வயதினராக இருந்திருக்கக் கூடும்.

நான் இப்பயணத்தில் சுமந்து சென்ற ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். புறப்படுமுன் என் தமக்கையார், "நீ சொன்னால் அவள் கேட்பாள். போதும், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடச் சொல். நல்ல இடங்கள் வந்துகொண்டிருக்கின்றன" என்று கண்கலங்கிக் கூறியிருந்தார். ஒஸாகாவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நடைமேடை இருக்கையில் அமர்ந்தபோது, "உன் அம்மா உன்னை ஊருக்கு வந்துவிடச் சொல்கிறாள்" என்றேன்.

அவள் சினந்துகொள்ளவில்லை. "எந்த ஊருக்கு, மாமா?" என்று கேட்டாள்.

நான் விடை தேடுவதற்குள் அவளே தொடர்ந்தாள். "அம்மாவுக்கு ஊர் என்றால் தாமிரபரணிக் கரைதான். நான் அங்கே கோடை விடுமுறைகளில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓர் ஆண்டு தேறாது. அங்கே என்னை 'நாகபுரிப் பெண்' என்பார்கள். நாகபுரியிலோ நாங்கள் 'மதராஸிகள்'. நாங்கள் இருந்த ரயில்வே குடியிருப்பில், அப்பா ஓய்வுபெற்றதும் வேறொருவர் வந்துவிட்டார். இந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கைக்குட்டையைப் பற்றியே பேசுகிறார்கள், மாமா. நான் அந்தத் தூணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கன்ச்சிக்குப் பெயர் செதுக்க ஊரில் ஒரு தூண் இருந்தது. ரிகா வெளிநாட்டிலே வளர்ந்தவள். அவளுக்கென்று ஒரு தூண் இல்லை. அதனால்தான் அவன் தூணைத் தேடி வந்து தன் பெயரையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்."

இதற்கு நான் என்ன சொல்வது? தகஹாமாவுக்கு ஒரு வண்டி போயிற்று. அங்கிருந்து திரும்பி ஒரு வண்டி வந்து நின்று, போயிற்று. நம் வீடுகளில் நாம் 'ஊர்' என்ற சொல்லை நாள்தோறும் சொல்லுகிறோம். ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பு எழுதுகிறோம். ஓய்வுபெற்றபின் ஊருக்குப் போவோம் என்கிறோம். நமக்கு அச்சொல்லின் பொருள் ஐயமற்றது. அங்கே நமக்கு ஒரு தூண் இருக்கிறது. நம் மக்களுக்கு அதே சொல்லைக் கொடுத்தோம். தூணைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் நம்மால் இயலாது. மாற்றல் உத்தரவு வந்த இடமெல்லாம் அவர்கள் வளர்ந்தார்கள். பெண் திரும்பவில்லை என்று வருந்தும் தாயின் துயரம் பொய்யன்று. திரும்புவதற்கு இடம் எது என்று கேட்கும் பெண்ணின் கேள்வியும் பொய்யன்று. இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்கும் விடை என்னிடம் இல்லை.

"அம்மாவிடம் நான் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

"வருவேன் என்று சொல்லுங்கள், மாமா. எப்போது என்பதை நானே அம்மாவிடம் சொல்லுகிறேன். 4.48 என்று சொல்லிவிட்டு 4.33-க்குப் போய்விடமாட்டேன்" என்று கூறி அவள் சிரித்தாள்.

இக்கதை பின்னரும் தொடர்ந்தது என்பதை ஆர்வலர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். 2016-இல் சைமோன் ஃபுமி, 25 ஆண்டுகளுக்குப் பின் ஐம்பது வயதில் ரிகாவும் கன்ஜியும் மீண்டும் சந்திப்பதாக ஒரு தொடர்ச்சி எழுதினார். 2020-இல் கதையை இக்காலத்துக்கு மாற்றி இணையவழித் தொடராகப் புதிதாக எடுத்தனர். இஷிபாஷி ஷிசுகா ரிகாவாகவும், இத்தோ கென்தாரோ கன்ஜியாகவும் நடித்தனர். அதில் எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. கைபேசி உள்ள காலத்தில் ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர் நொடியில் அறியலாம். ஆயினும் மனம் இருக்குமிடத்தை அறிவது அன்றுபோலவே இன்றும் அரிதாகத்தான் இருக்கிறது. நாடகம் மாறினாலும் மக்கள் கைக்குட்டை கொண்டுவருவது 1991-ஆம் ஆண்டுக் காட்சியை எண்ணியே.

அங்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் மாலை வேளையைத் தேர்ந்துகொள்க. கதிரவன் கடற்பக்கமாகவே மறைகிறான். நடைமேடையில் அமர்ந்தபடியே காணலாம். முன்னதாக வந்து பூங்காவில் உள்ள பழைய எஞ்சினையும் பார்த்துவிடுதல் நன்று. நாகபுரிச் சிறுபாதையில் ஏறியவர்களுக்கு, உறவினரைக் கண்டதுபோல் இருக்கும்.

நாடு திரும்பியதும் தமக்கையாரிடம் நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அங்கே அவள் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள்? வீடு எப்படி இருக்கிறது? கோயில் ஏதும் பக்கத்தில் உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அறுபது வயதில் முதன்முறையாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். வருகிற வசந்த காலத்தில் ஒஸாகா செல்வதாக ஏற்பாடு. தாயார் முதலில் காண விரும்புவது மகள் வாழும் தெருவை. பைஷின்ஜி அதற்குப் பின்னர்தான்.